காத்தாடி இல்லாத கார்ட்

திரையில் மணப்பெண் அழத் தொடங்கும் இடம் வந்ததும் இராசமலர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவாள். அழுகையை வெட்டக் கூடாது. முழுவதையும் விடவும் கூடாது. மூக்கைத் துடைப்பதற்கு ஒரு கணம் முன்னால் நிறுத்தி, தாய்மாமனின் முகத்துக்குத் தாவ வேண்டும். "மூக்குத் துடைக்கிறதைக் கனடாவில இருக்கிறவை பார்த்து என்ன செய்யப்போயினம்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெட்டுவாள். பிறகுதான் தேத்தண்ணி. அதற்குள் அது ஆறிப் போயிருக்கும். ஆறின தேத்தண்ணிதான் அவளுக்குப் பழக்கம்.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஓர் இரும்புக் கடைக்கு மேலே ஒற்றை அறை. அங்கேதான் அவளும் அவள் புருஷன் சின்னராசாவும் கலியாண வீடியோத் தொழில் நடத்துகிறார்கள். கமரா சின்னராசாவுடையது, கொம்பியூட்டர் இராசமலருடையது. அவர் கலியாண வீடுகளில் சாப்பிட்டுச் சாப்பிட்டு வயிறு வைத்துவிட்டார். அவள் கலியாண வீட்டுப் படி மிதிப்பதே அருமை. ஆனால் சந்தையில் எதிரே வருகிற இளம் பெண்களில் அரைவாசிப் பேரை அவளுக்குத் தெரியும். தாலி கட்டும் நேரத்தில் யாருடைய பின்னல் அவிழ்ந்தது, யாருடைய மாமியார் முகத்தைத் திருப்பினார் என்பதெல்லாம் தெரியும். அவர்களுக்கு இவளைத் தெரியாது. "உங்கட பின்னலை நான்தான் மறைச்சுவிட்டனான்" என்று வாய்வரைக்கும் வரும். சொல்லமாட்டாள். சிரித்துவிட்டுக் கத்தரிக்காயைப் பொறுக்குவாள்.

நாற்பதை எட்டிய, ஒல்லியான, உயரமான பெண். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடுகிறவள். எந்தச் சாமான் வாங்கப் போனாலும் கடைக்காரரிடம் ஒரே கேள்விதான்: "இதில முதல் என்ன பழுதாகும்?" நல்ல சாமானைக் காட்டத் தயாராக நிற்கிறவர்கள் அந்தக் கேள்வியில் திகைத்துப் போவார்கள். துணி தேய்க்கிற மின்னழுத்தி வாங்கினபோதும் அதைத்தான் கேட்டாள். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் தரகரிடம் அதைத்தான் கேட்டாள் என்பது சின்னராசா எல்லாருக்கும் சொல்கிற கதை. "கேட்டனான்தான். என்ன பிழை?" என்பாள் அவள்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, சண்டைக் காலம். கமராவைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டால் சோதனைச் சாவடிக்குச் சாவடி இறக்கிக் காட்ட வேண்டும். ஒருமுறை நிலாவெளி வீதியில் இரண்டு ஆமிக்காரர் கசெட்டைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். சின்னராசா வெயிலில் நின்று காட்டினார். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து பந்தி தொடங்கும் இடம் வந்தபோது, அவர்களில் ஒருவன் கமராத் திரையில் சோற்றுக்குப் பக்கத்தில் இருந்த கறியைத் தொட்டுக் காட்டி என்ன கறி என்று சிங்களத்தில் கேட்டான். வாழைக்காய் என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். இப்படி வந்து சேருகிற கசெட்டுகளை இருட்டுவதற்குள் வெட்டி ஒட்டிவிட வேண்டும். இருட்டினால் ஊர் முழுக்க விளக்கைப் போடும், வோல்டேஜ் இறங்கும், யு.பி.எஸ். பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கும்.

அந்த வருஷத்து ஆவணியில், நிலாவெளிக் கலியாணம் ஒன்றில் அவள் வேலை செய்துகொண்டிருந்தபோது, மாப்பிள்ளையின் முகத்தில் பச்சைக் கோடு விழுந்தது. பிறகு பொம்பிளையின் சேலையில். பிறகு திரை முழுக்க. பெட்டியைக் கழற்றினால் உள்ளே ஒரு கருகல் மணம். படத்தைத் திரைக்குக் கொண்டுவருகிற கிராபிக்ஸ் கார்ட், அந்தக் கையளவு அட்டை, முடிந்துபோயிருந்தது. அதைக் குளிர்த்துவதற்கென்று அதன் முதுகில் ஒரு சின்னக் காத்தாடி உண்டு. உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து அதைப் பசைபோல இறுக்கிவிட்டிருந்தன. இராசமலர் அதை விரலால் சுற்றிப் பார்த்தாள். அசையவில்லை.

"மாப்பிள்ளைக்கு வரி விழுந்திட்டுது" என்றாள்.

சின்னராசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாப்பிள்ளை டோகாவில் வேலை செய்கிறவன். லீவு முடிந்து வெள்ளிக்கிழமை பயணம். கலியாணம் முடிந்த கையோடு பொம்பிளையை விட்டுவிட்டுப் போகிறான். இனி இரண்டு வருஷத்துக்கு வரமாட்டான். "அந்த டிவிடியைக் கையில கொண்டு போகவேணும், அண்ணை. வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்" என்று சின்னராசாவின் கையைப் பிடித்துக் கேட்டிருந்தான். அன்றைக்குத் திங்கட்கிழமை.

நகரத்தில் கொம்பியூட்டர் சாமான் விற்கிறவர் பாயிஸ். கிண்ணியாக்காரர். வாரத்துக்கொரு தடவை கொழும்புக்குப் பஸ் ஏறி, சாவடிகளில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து காட்டி, சாமான் கொண்டுவருவார். அந்த வாரம் அவரிடம் மூன்று கார்ட்டுகள் இருந்தன. இராசமலரும் சின்னராசாவும் போய் நின்றதும் மூன்றையும் மேசையில் பரப்பினார்.

"அக்கா, இது ஏழாயிரம். படம் வரும், அவ்வளவுதான். இது பதின்மூவாயிரத்து ஐநூறு. நடுத்தர விலைக்கு இதவிட வேகமானது கொழும்புலயும் இல்ல. இது பதினாலாயிரத்து ஐநூறு."

மூன்றாவது கார்ட்டில் காத்தாடி இல்லை. அதற்குப் பதிலாக அதன் முதுகு முழுவதும் செப்புக் குழாயும் அலுமினியத் தகடுமாகச் சீப்புப்போல அடுக்கப்பட்டிருந்தது.

"அப்ப இதுதான் ஆக வேகமோ?" என்று சின்னராசா கேட்டார்.

"இல்லண்ணே. இது அதவிடக் கொஞ்சம் மெதுவு. சத்தமில்லாம இரிக்கோணும் எண்டு நினைக்கிற ஆக்களுக்குச் செஞ்சது."

"வேகம் குறைஞ்சதுக்குக் காசு கூடவோ? நல்ல நியாயம்!" சின்னராசா வேகமான கார்ட்டைக் கையில் எடுத்துவிட்டார். பக்கத்து வீதி ஸ்டூடியோக்காரர் படத்தைப் பந்துபோல உருட்டிக் காட்டுகிறாராம். பொம்பிளை வீட்டார் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்களாம். "மலர், இதை எடுப்பம். காசும் மிச்சம், வேகமும் கூட. இதில யோசிக்க என்ன கிடக்கு?"

இராசமலர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் கேள்வியைக் கேட்டாள்.

"தம்பி, இதுகளில முதல் என்ன பழுதாகும்?"

பாயிஸ் சிரித்தார். அவளை அவருக்குத் தெரியும். "முதல் ரெண்டுலயும் காத்தாடி, அக்கா. இந்த மூண்டாவதுல பழுதாக ஒண்டும் இல்ல. ஆனா நல்லாச் சுடும். உங்கட அறைச் சூட்டுக்கு நான் பொறுப்பு நிக்க ஏலாது. நான் உள்ளதச் சொல்றேன்."

அவர் தன் கொம்பியூட்டரில் ஒரு விளையாட்டைப் போட்டு வேகம் காட்டப் பார்த்தார். துவக்கோடு ஓடுகிற ஆட்கள், வெடிப்பு, புகை. இராசமலர் கையை அசைத்தாள். "வெடிச் சத்தம் வேண்டாம் தம்பி. அது எங்களுக்குச் சும்மாவே கேக்குது. நான் என்ர படத்தையே போட்டுப் பார்க்கிறன்."

அவள் கொண்டுவந்த பிரம்புக் கூடையில், துவாயில் சுற்றி, அவளுடைய ஹார்ட் டிஸ்க் இருந்தது. வரும் வழியில் சாவடிக்காரன் துவாயை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் திரும்பச் சுற்றிக் கொடுத்திருந்தான். அதில் ஒரு கலியாணத் துண்டை அவள் இந்த மாதிரிச் சோதனைக்கென்றே வைத்திருந்தாள். சமாதான காலத்தில் சம்பூரில் சின்னராசா எடுத்தது. ஓமப் புகை, பூத் தூவல், கிடுகுப் பந்தலுக்குள் புள்ளி புள்ளியாக விழுகிற வெயில், குறுக்கே ஓடுகிற பிள்ளைகள், ஆடுகிற தென்னோலை. கொம்பியூட்டரை வதைக்கிற எல்லாம் அந்த ஒரு துண்டில் இருந்தன. "இதைத் துள்ளாமல் காட்டினால் எதையும் காட்டும்" என்பாள்.

முதலில் ஏழாயிரத்துக் கார்ட். படம் ஓடியது. அந்த நேரம் பார்த்து, கைத்தொலைபேசிக்கு ரீலோட் கார்ட் வாங்க ஒரு பெரியவர் கடைக்குள் வந்தார். சாரமும் வெள்ளைச் சேர்ட்டுமாக, வெயிலில் கறுத்த, அறுபது வயதிருக்கக்கூடிய ஆள். காசை நீட்டியவர், நீட்டிய கையோடு திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பிள்ளை, உதைக் கொஞ்சம் நிப்பாட்டும்."

இராசமலர் நிறுத்தினாள்.

"அது என்ர கிணறு."

பாயிஸ் எட்டிப் பார்த்தார். "ஐயா, இது கலியாண வீடு."

"கலியாண வீடு கமலேஸ்வரியின்ர. வேலிக்கு அங்கால தெரியுதே, அது என்ர வளவு. கிணறு என்னுடையது. துலாவும் என்னுடையது. உந்தா, கயித்தில நீலச் சேர்ட் ஒண்டு காயுது. அதுவும் என்னுடையதுதான்."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஓமப் புகைக்குப் பின்னால், வேலிக்கு மேலாக, தண்ணீர் இறைக்கிற ஒரு துலாவும் கிணற்றுக் கட்டின் ஓரமும் கொடியில் ஒரு நீலச் சேர்ட்டும் தெரிந்தன. பெரியவரின் பெயர் அருளம்பலம். முந்தின வருஷம் சம்பூர்ப் பக்கம் சண்டை மூண்டபோது சனத்தோடு சனமாக வெளிக்கிட்டவர். இப்போது சாம்பல்தீவில் மகளோடு இருக்கிறார். ஊருக்குத் திரும்பிப் போக ஒருவரையும் விடவில்லை. இதையெல்லாம் அவர் பெரிய துக்கமாகச் சொல்லவில்லை. அந்தச் சேர்ட்டுக்குச் சாட்சி கிடைத்ததில்தான் அவருக்குச் சந்தோஷம். "அண்டைக்கு நான் வயலுக்குப் போனனான். பின்னேரம்தான் கலியாணத்துக்குப் போனனான். அப்ப உந்தச் சேர்ட்டைத்தான் போட்டனான்" என்று பாயிஸுக்கு விளக்கினார்.

"இன்னொருக்காப் போடும் பிள்ளை."

போட்டாள். தென்னோலை ஆடும் இடத்தில் படம் விக்கியது. பெரியவர் முகத்தைச் சுளித்தார்.

"உதில கிணறு துள்ளுது."

"கார்ட் காணாது, ஐயா. பொறுங்கோ, வேறை போடுறம்."

வேகமான கார்ட்டைப் போட்டபோது கிணறு அசையாமல் நின்றது; துலாக் கயிறு காற்றில் ஆடுவதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. சின்னராசா வெற்றியோடு மனைவியைப் பார்த்தார். காத்தாடி மெல்லிய சீழ்க்கையோடு சுழன்றது. மூன்றாவதைப் போட்டபோது சத்தமே இல்லை. படம் ஓடுகிறதா என்று பாயிஸ்கூட ஒருமுறை குனிந்து பார்த்தார். படத்தைப் புத்தகத் தாள்போலப் புரட்டும் இடத்தில் ஒரு கணம் தயங்கியது. மற்றபடி கிணறும் துலாவும் சேர்ட்டும் அப்படியே இருந்தன.

"ஐயா, கிணறு துள்ளுதோ?"

"இல்லைப் பிள்ளை. உது காணும்."

இராசமலர் எழும்பினாள். "தம்பி, இது இப்படியே திரும்பத் திரும்ப ஓடட்டும். நான் மீன் வாங்கிக்கொண்டு வாறன்." பாயிஸ் வாயைத் திறப்பதற்குள் படி இறங்கிவிட்டாள். சின்னராசா பின்னால் போனார். வழி நெடுக வேகத்தைப் பற்றிக் கதைத்தார். அவள் மீன் சந்தையில் பாரையின் செவுளைத் தூக்கிப் பார்த்தபடி ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, வேகமானதுதான் நல்லது. நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா எங்கட அறையில அந்தக் காத்தாடி ஒரு வருஷம் சுத்துமோ? பிறகு திரும்பவும் ஒரு மாப்பிள்ளைக்கு நடுவில வரி விழும். புரளுற இடத்தில கொஞ்சம் தயங்கினால் எனக்கென்ன? முழுசா எழுதி முடிச்ச பிறகு டிவிடியில அது தெரியாது. தயங்கிறது எனக்கு மட்டும்தான்."

சின்னராசா அந்தப் பாரையைப் பார்த்தார். பிறகு, "பாரை வேண்டாம், விளமீன் வாங்குவம்" என்றார். இருபது வருஷமாக அவர் விட்டுக்கொடுக்கிற விதம் அது.

திரும்பி வந்தபோது கடையில் ஒரு சின்னக் கூட்டம். அருளம்பலம் கதிரையில் இருந்தார். பாயிஸ் அவருக்குப் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்திருந்தார். போட்டோகொப்பி எடுக்க வந்தவர்கள், போன் திருத்த வந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்று படத்தைப் பார்த்தார்கள். பெரியவர் ஓடுகிற படத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்: அந்தப் பக்கம் முருங்கை நிற்கிறது, படத்தில் விழவில்லை, கிணற்றுத் தண்ணீர் சித்திரையிலும் வற்றாது, துலா மரம் அவர் தம்பி வெட்டிக் கொண்டுவந்தது. இராசமலர் கூட்டத்துக்குள் நுழைந்து, திறந்து கிடந்த பெட்டிக்குள் கையை விட்டு, அந்தத் தகடுகளில் விரலை வைத்தாள். சுட்டது. ஆனால் விரலை எடுக்க வேண்டிய சூடாக இல்லை. வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.

"கட்டித் தாங்கோ தம்பி."

அதற்குப் பிறகு அவள் பேய் பிடித்தவள்போல வேலை செய்தாள். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, மேசைக் காத்தாடியை அதன் பக்கம் திருப்பி வைத்தாள். வேர்வை தனக்கு வழியட்டும் என்று விட்டாள். பொம்பிளை அழும் இடத்தில் மட்டும் வழக்கத்தை மாற்றினாள். மூக்குத் துடைப்பதையும் வெட்டாமல் விட்டாள். "அவன் பார்க்கிறதுக்குத்தானே? இருக்கட்டும்" என்றாள். வியாழக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளை வந்து டிவிடியை வாங்கி, சேர்ட்டுப் பொக்கற்றுக்குள் வைக்கப் பார்த்து, கொள்ளாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படி இறங்கினான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த மாதமே ஒரு பொம்பிளை வீட்டார் வந்து, படம் பந்துபோல உருளவேண்டும், அதற்குள்ளே பொம்பிளையின் முகம் வரவேண்டும் என்று கேட்டார்கள். அவள் செய்து பார்த்தாள். கார்ட் திணறியது. பக்கத்து வீதி ஸ்டூடியோவுக்குப் போகச் சொல்லி அவளே வழி காட்டி அனுப்பினாள். சின்னராசா அன்றைக்கு முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அவள் அவருக்குப் பிடித்த கணவாய்க் கறி வைத்தாள். கார்ட் மட்டும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கடல் காற்று அடித்த நாட்களிலும் ஓடியது.

வேலை குறைந்த ஒரு நாள், சம்பூர்க் கலியாணத்தின் முழுக் கசெட்டுகளையும் அலுமாரியிலிருந்து எடுத்தாள். சின்னராசா அந்தக் காலத்தில் கமராவை நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே நடப்பார். வேலி, காகம், கட்டியிருக்கும் மாடு, வெறும் வீதி எல்லாம் விழுந்திருக்கும். அதற்காக அவரிடம் எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறாள். இப்போது அதையெல்லாம் பொறுக்கினாள். பொம்பிளையை வெட்டினாள், மாப்பிள்ளையை வெட்டினாள், மேளத்தை வெட்டினாள். பூவும் போடவில்லை, பாட்டும் போடவில்லை. காற்றின் சத்தத்தையும் எங்கோ ஒரு ஆட்டின் சத்தத்தையும் அப்படியே விட்டாள். பாயிஸிடம் சொல்லிவிட, அவர் சாம்பல்தீவுக்குச் சொல்லிவிட, அருளம்பலம் மறுநாள் காலமையே வந்துவிட்டார். மகள் வீட்டில் டிவிடி போடுகிற பெட்டி இல்லை; இங்கேயே பார்ப்பதாகச் சொன்னார்.

கதிரை போட்டுக் கொடுத்தாள். பெரியவர் முழங்காலில் கைகளை ஊன்றி, முன்னால் சாய்ந்து பார்த்தார். இந்தத் தடவை விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. வீதி வந்தது. படலை வந்தது. வேலி ஓரமாகக் கமரா மெல்ல நகர்ந்து கிணற்றடிக்கு வந்தது. அவர் கடையில் சொன்ன முருங்கையும் வந்தது. அதற்குக் கீழே ஒரு சிவப்பு நாய் எழும்பி, சோம்பல் முறித்து, கமராவை நோக்கி நடக்கத் தொடங்கியது. அது வேலிக்கு வந்துசேர்வதற்குள் கமரா சட்டென்று திரும்பிவிட்டது. அதோடு படம் முடிந்தது.

அருளம்பலம் கறுப்புத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏன் திருப்பினவர்?" என்றார்.

வாசலில் நின்ற சின்னராசா ஓரடி உள்ளே வந்தார். "பொம்பிளை வெளியில வந்தவ, ஐயா. அதுதான்."

"ஓம், ஓம். அதுதானே." பெரியவர் தலையாட்டினார். பிறகு, கேட்கலாமோ கூடாதோ என்ற குரலில், "அந்த நாய் எழும்புற இடம்..." என்று தொடங்கி நிறுத்தினார்.

இராசமலர் நாய் எழும்பும் இடத்துக்குப் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினாள். மவுசைத் தன் பக்கத்திலிருந்து எடுத்து, வயர் மேசை விளிம்பில் இழுபட, அவருடைய வலது கையடியில் கொண்டுபோய் வைத்தாள்.